இருபது ஆம்பியர்

காசிமேட்டில், ஐஸ் ஃபேக்டரிக்கு எதிர்ச் சந்தில்
கேரவனை நிறுத்தியபோது மணி ஆறே கால்.
நண்டு வலை காயும் கம்பிக்கும்
மெட்ரோ வாட்டர் தொட்டிக்கும் நடுவே
பஸ் நீளத்துக்கு ஒரு வெள்ளை வண்டி.
உள்ளே இரண்டு ஏசி, ஒரு கீசர்,
பல்பு சூழ்ந்த கண்ணாடி,
இன்னும் வராத ஒரு நடிகை.

என் பெயரை இங்கே யாரும் கேட்டதில்லை.
"ஜெனரேட்டர், எங்கப்பா போன?" என்பார்கள்.
நானும் திரும்பிப் பார்ப்பேன்.

எட்டு ஐம்பதுக்கு முதல் தடவை விழுந்தது.
பெரிய சத்தமில்லை, ஒரு விரல் சொடுக்கு.
வண்டி முழுக்க மூச்சு நின்றது.
கீழே எஞ்சின் மட்டும்
தலைச்சுமை சட்டென்று இறங்கிய கூலியாளைப் போல
ஒரு துள்ளு துள்ளி
சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

மதியரசு ஓடி வந்தார், புரொடக்‌ஷன் மேனேஜர்.
"பிரேக்கர் போச்சா? மாத்திடு.
இருபதை எடுத்துட்டு நாப்பது போடு."

அண்ணே, அது போகலை. வேலை செய்யுது.
ஓடுற ஏசிக்கு எட்டு ஆம்பியர் போதும்.
எழுந்திரிக்கிற ஏசி முப்பது கேட்கும்.
தண்ணியில மிதக்கிற படகை ஒருத்தன் ஓட்டலாம்,
மணல்ல இருந்து கடலுக்குத் தள்ளுற அந்த நிமிஷத்துக்கு
ஆறு தோள் வேணும்.
அணைச்ச கையோட திரும்பப் போட்டீங்க,
உள்ளே கேஸ் அழுத்தம் இன்னும் அடங்கலை,
எழ முடியாம முக்கிக்கிட்டே நிக்குது
கரண்டை இழுத்துக்கிட்டு.
மூணு நிமிஷம் விடுங்க.
நாப்பது போட்டா பிரேக்கர் விழாது, வாஸ்தவம்.
சுவத்துக்குள்ள ஓடுற ஒயர் எரியும்.

இதில் பாதிதான் சொன்னேன்.
அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.
எண்ணூரில் ஒரு வண்டியின் பிளைவுட் கறுகிய வாசனை
இன்னும் என் காலரில் இருக்கிறது,
அதையும் சொல்லவில்லை.

பத்தரைக்கு மறுபடி.
இப்போது குற்றவாளி கீசர்.
எட்டும் எட்டும் பதினாறு, அதோடு ஒன்பது.
பிரேக்கருக்குள்ளே
இரண்டு உலோகம் ஒட்டிய சின்னத் தகடு ஒன்று உண்டு.
சூடேறச் சூடேற வளையும்,
அவசரப்படாது,
கணக்கு மீறினால் கொக்கியை விட்டுவிடும்.

"இன்னாபா, ஏன் நின்னுப் போச்சு?"
முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.
மேனேஜர் இல்லை. மேக்கப் ஆளும் இல்லை.
வண்டியின் வலப்பக்கம்
ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய்க்குக் கீழே
ஒரு பச்சைக் குடம்.
குடத்துக்குப் பக்கத்தில் அஞ்சலாட்சி,
மீன் செதில் ஒட்டிய முழங்கையோடு.
"லாரி வந்து மூணு நாள் ஆச்சு.
குடிக்க ஆவாது, தெரியும்.
துணி அலசலாம்ல?"

அவளுக்கு முழுசாகச் சொன்னேன்,
ஓட ஒரு கணக்கு, எழ ஒரு கணக்கு,
கீசருக்கு ஒன்பது.
கேட்டு முடிக்கும் முன்பே முகத்தைச் சுளித்தாள்:
"இந்த வெயில்ல யாருக்குடா சுடுதண்ணி?
அத்த நிறுத்து."

நிறுத்தினேன்.
விழுந்த லீவரை நேரே மேலே தூக்கினால் நிற்காது.
முழுசாகக் கீழே தள்ளணும்,
அப்புறம்தான் மேலே.
முதல் ஏசி.
பிறகு மூன்று நிமிஷம்.
நானும் அவளும் ஒன்றும் பேசாமல்
குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
இரண்டாவது ஏசி.
எஞ்சின் ஒருமுறை தாழ்ந்து முனகி நிமிர்ந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
ஒரு சொட்டு.

நடிகை மூன்றரைக்கு வந்தார்,
நாற்பது நிமிஷம் இருந்தார்,
சுடுதண்ணீர் கேட்கவில்லை.
மற்ற நேரமெல்லாம் காலி நாற்காலிகள்
பதினெட்டு டிகிரியில் உட்கார்ந்திருந்தன.

பேக்கப். எஞ்சினை அணைத்தேன்.
காது அடைத்த மாதிரி ஓர் அமைதி,
அதற்குள் ஐஸ் உடைக்கும் மெஷின்,
ராயபுரம் பக்கம் ஒரு ரயில்.
ரெஜிஸ்டரில் எழுதினேன்:
டிரிப் இரண்டு. காரணம் லோடு. பிரேக்கர் சரி.
மூன்று குடம், நாலாவதில் பாதி,
இதற்கு அதில் கட்டம் இல்லை.

"நாளைக்கும் வருமா இந்த வண்டி?"
பாதிக் குடத்தை இடுப்பில் ஏற்றியபடி கேட்டாள்.
ஷெட்யூல் மதியரசிடம் இருக்கிறது என்றேன்.
குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.